மிதிக்கும் முன் ஒரு தீப்பெட்டி

ஐம்பதுகளின் நடுவில் தங்கச்சிமடத்துப் பக்கம் ஒரு டிஸ்பென்சரியில் டாக்டராக இருந்தேன். முதுகுவலி என்று என் அறை வாசலில் மூன்று பேர் நின்றால், வெளியே பூவரச மரத்தடியில் ஒன்பது பேர் நிற்பார்கள். அங்கே வைத்தியம் எங்கள் டிஸ்பென்சரியில் ஆயா வேலை பார்த்த பிலோமினாவுடையது. கால் முன்னால் வந்து பிறந்தவள் அவள். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்பது ஊர் நம்பிக்கை. வள்ளம் தள்ளி, வலை இழுத்துத் தசை பிடித்தவர்களுக்கு விடத்தான் செய்தது. என் டர்பன்டைன் தைலமும் வெந்நீர் ஒத்தடமும் அதற்கு மேல் ஒன்றும் சாதிக்கவில்லை. எரிச்சலாக இருந்தாலும் நான் தடுக்கவில்லை.

ஒருநாள் காலை சூசை என்ற மீனவன் மனைவியோடு வந்து மரத்தடியில் நின்றான். மடியிலிருந்து தீப்பெட்டி விழுந்தது. அவன் குனியவில்லை. தொடையில் கையை ஊன்றி, முதுகை விறைப்பாக வைத்தபடியே மெல்ல உட்கார்ந்து எடுத்தான். ஜன்னல் வழியே பார்த்த எனக்குத் திக்கென்றது. நான் வெளியே ஓடுவதற்குள் அவன் குப்புறப் படுத்துவிட்டான். பிலோமினாவின் கால் அவன் முதுகுக்கு மேலே இருந்தது.

"காலை எடு!"

"ஏன் டாக்டரய்யா, ஒங்க கூட்டமெல்லாம் இங்கன வந்துருச்சுன்னு கோவமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சூசையின் முதுகெலும்பை மேலிருந்து விரலால் தட்டிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் அலறினான். அங்கே சின்னப் புடைப்பு.

"படுத்தா வலி குறையுதா?"

"எங்கய்யா! மூணு மாசமா ராத்திரியும் வலிதான். பொழுது சாஞ்சா காச்ச. கைலி இடுப்புல நிக்க மாட்டேங்குது."

தசைப் பிடிப்பு படுத்தால் தணியும். இது தணியவில்லை. குனியாத முதுகு, புடைப்பு, மாலைக் காய்ச்சல், மெலிவு எல்லாம் சேர, முதுகெலும்பில் டி.பி. என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

"மிதிச்சிருந்தா அரிச்ச எலும்பு நொறுங்கி ரெண்டு காலும் வெளங்காமப் போயிருக்கும்" என்றேன்.

"மாதாவே!" என்று அவன் மனைவி நெஞ்சில் கை வைத்தாள். பிலோமினா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் கடலுக்குப் போவேனாய்யா?" என்றான் சூசை.

"காலு இன்னும் நல்லாத்தான் இருக்கு. இன்னைக்கே மதுரைக்குப் போனா, போவே."

பலகையில் படுக்க வைத்து ரயிலேற்றினோம். பெரியாஸ்பத்திரி எக்ஸ்ரேயும் டி.பி. என்றே சொன்னது. மாவுக்கட்டு, ஊசி, மாத்திரை என்று ஒன்றரை வருஷம் ஆனது. பிறகு ஒரு நாள் என் அறைக்குத் தானே நடந்து வந்தான், கையில் ஒரு பெரிய சீலா மீனோடு.

பிலோமினா மிதிப்பதை விடவில்லை. ஆனால் அன்றிலிருந்து முதலில் தீப்பெட்டியை மண்ணில் போடுவாள்.

"எடுலே, பாப்போம்."

குனிந்து எடுத்தவன் குப்புறப் படுக்கலாம். உட்கார்ந்து எடுத்தவனை, "அங்கன போ, டாக்டரய்யா பாக்கணும்" என்று என் வாசலுக்கு விரட்டுவாள்.

இளம் டாக்டர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். முதுகில் கை வைக்கும் முன், நோயாளி குனிவதைப் பாருங்கள். எக்ஸ்ரே இல்லாத ஊரிலும் தீப்பெட்டி உண்டு.