மரவள்ளிக்குப் பிறகு இஞ்சி

தாவரவியல்காரரின் கணக்கில் வாழைப்பழமும் திராட்சையும் ஒரே வகைக் கனிகள் என்று நான் சொன்ன அன்றுதான் அண்ணை தட்டிலிருந்த சோற்றை முழுதாகச் சாப்பிட்டார். என்னோடு வாதாடிக்கொண்டே சாப்பிட்டார். வாய் மறுத்துப் பேசிக்கொண்டிருந்தது. கை தன்பாட்டில் குழைத்துக்கொண்டிருந்தது. சாப்பிடுகிறோம் என்பதையே அவர் மறந்துபோனார்.

அவருடைய மனைவி, என் மச்சாள், இறந்து ஒரு வருடம் முடிந்திருந்தது. அதுவரை ஏதோ ஒப்புக்குச் சாப்பிட்டு வந்தவர், அந்த வருட முடிவில் செய்த ஆட்டத்திவசத்தோடு அதையும் விட்டுவிட்டார். சாப்பாட்டை வைத்தால் “பிறகு” என்பார். பிறகு கேட்டால் “நான் இருந்து என்ன செய்யப்போறன்” என்பார். கிளினிக்கில் வைத்தியர் தராசையும் அண்ணையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“அடுத்தமுறை இதிலும் குறைஞ்சா ஆஸ்பத்திரி வாட்டிலை மறிச்சு மூக்காலை குழாய் விடவேண்டி வரும். பாத்துக்கொள்ளுங்கோ, அம்மா.”

பார்த்துக்கொள்ள என்னைத் தவிர வேறு ஆளில்லை. எனக்கு யாழ்ப்பாணத்தில் கந்தோர் வேலை. வீடு மருதனார்மடச் சந்தியிலிருந்து உள்ளே. காலையில் சமைத்து மூடிவைத்துவிட்டுப் போனால், மாலையில் மூடியது மூடியபடியே இருக்கும். அதைக் கொட்டிக் கழுவிவிட்டு மறுபடியும் சமைக்க வேண்டும். கோபம் வந்த நாட்கள் உண்டு. பிறகு கோபப்படுவதற்கும் தெம்பில்லாமல் போய்விட்டது.

வாழைப்பழத்தால் வழி கிடைத்ததும், பஸ்ஸில் போக வரக் கைபேசியில் அப்படியான சாப்பாட்டுச் செய்திகளையே தேடத் தொடங்கினேன். ஒரு செய்தியை இரண்டு இடத்திலாவது பார்த்து உறுதிப்படுத்தாமல் சொல்லமாட்டேன். அரைகுறையாகச் சொன்னால் அண்ணை பிடித்துவிடுவார்.

“மிளகாய் எங்கடை சாமான் இல்லை, அண்ணை. போர்த்துக்கேயர் வந்த பிறகுதான் இஞ்சாலை வந்தது.”

“அப்ப அதுக்கு முன்னம் யாழ்ப்பாணத்தான் கறிக்கு என்னத்தைப் போட்டவன்?”

“மிளகு.”

“பாவம்,” என்று சொல்லி இன்னொரு பிடி சோறு எடுத்தார்.

கச்சான், அதாவது நிலக்கடலை, கொட்டை வகையே இல்லை, அது பயறு அவரைக்குச் சொந்தம் என்றேன். “கச்சான் விக்கிற மனிசியிட்டைப் போய்ச் சொல்லு, நல்லாத் தருவா,” என்றார். அன்னாசி சாப்பிடும்போது நாக்கு எரிவது, அதிலுள்ள ஒரு பொருள் நாக்கின் தோலைக் கரைப்பதால் என்றேன். “அப்ப அதுவும் எங்களைத் தின்னுதோ? ஆர் வெல்லுறது?” என்று கேட்டார். நாங்கள்தான் என்றதும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்.

ஆனால் ஒவ்வொரு வேளைக்கும் ஒன்று வேண்டும். பழையதைச் சொன்னால் “உது சொன்னனி” என்று கையைக் கழுவிவிடுவார். கந்தோரில் கோப்புகளைப் புரட்டும்போதும் தக்காளியும் தேனுமே தலைக்குள் ஓடின. ஒருவரைச் சாப்பிட வைக்க இத்தனை அறிவு தேவையா என்று பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்தபடி யோசித்திருக்கிறேன்.

கிளினிக்குக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. சந்தையில் நல்ல மரவள்ளிக்கிழங்கு வந்திருந்தது. வாங்கிவந்து அவித்துச் சம்பல் இடித்து வைத்தேன்.

“இந்தக் கிழங்கைப் பச்சையாத் தின்னக் கூடாது, அண்ணை. உள்ளுக்குள்ளை சயனைட்டா மாறுற சாமான் இருக்கு.”

அந்தச் சொல்லை, போர் நடந்த இந்த ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

“இவ்வளவு காலமும் உதைத்தானோ திண்டனாங்கள்?”

“அவிக்கேக்கை போயிடும்.”

“எங்கை போகும்?”

“ஆவியோடை.”

அதை ஆராய்ந்துகொண்டே சம்பலைத் தொட்டுத் தொட்டுக் கிழங்கை முடித்தார். தேத்தண்ணி கேட்டார். அவராகக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. போட்டுக் கொடுத்தேன்.

அவர் பாதி குடித்திருக்கும்போது அடுத்த வீட்டு அக்கா முருங்கையிலையோடு வந்தார். வாசலிலேயே மோப்பம் பிடித்தார்.

“இஞ்சி போட்டனியோ? என்ன சாப்பிட்டவர்?”

“மரவள்ளி, அக்கா.”

“எட கடவுளே! மரவள்ளிக்கு மேலை இஞ்சியே! நீ படிச்சனியெல்லே!”

மரவள்ளி அவித்தால் அன்றைக்கு இஞ்சியைத் தொடுவதில்லை. இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான். இரண்டும் சேர்ந்தால் நஞ்சு என்பார்கள். எனக்கும் தெரியாததல்ல. அண்ணையின் வயிற்றுப் பொருமலுக்காக நாள்தோறும் இஞ்சி தட்டிப் பழகிய கை அன்றும் தட்டிப் போட்டுவிட்டது.

அண்ணை தேத்தண்ணிப் பேணியை வைத்துவிட்டு எழுந்தார். முகம் வெளிறியிருந்தது.

“ஓட்டோவைக் கூப்பிடு. கெதியா!”

ஓட்டோவில் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். விரலை விட்டுச் சத்தி எடுக்கட்டுமா, நாக்கு நீலமாகிவிட்டதா, பார், பார் என்று நச்சரித்துக்கொண்டே வந்தார். நானும் ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்தேன். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“நீங்கள்தானே அண்ணை, இருந்து என்ன செய்யப்போறன் எண்டு சொன்னனீங்கள்?”

“அது வேறை கதை. இஞ்சித் தேத்தண்ணி குடிச்சுச் செத்தா ஊர் சிரிக்குமடி!”

ஓட்டோக்காரர் சிரிப்பை அடக்குவது முதுகில் தெரிந்தது. அண்ணை அதைக் கவனிக்கவில்லை. “தம்பி, கொஞ்சம் கெதியா விடும்,” என்று அவசரப்படுத்தினார்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் இளம் பெண் வைத்தியர். தோல் உரித்தீர்களா, திறந்த பானையில் அவித்தீர்களா, கிழங்கு கசந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அண்ணையின் நாடியையும் கண்ணையும் பார்த்தார்.

“எனக்கும் வீட்டிலை உப்பிடித்தான் சொல்லி வளத்தவை, ஐயா. நஞ்சு கிழங்கிலைதான், இஞ்சியிலை இல்லை. வடிவா அவிஞ்சிருக்கு. பயப்பிடாதேங்கோ. எதுக்கும் கொஞ்சநேரம் இருந்திட்டுப் போங்கோ.”

வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அண்ணை தன் நாடியைத் தானே ஒருமுறை பிடித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“உன்ரை மச்சாளும் மூடி போடாமல்தான் அவிக்கிறவள். ஏனெண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை.”

திவசத்துக்குப் பிறகு அவர் வாயால் மச்சாளைப் பற்றி நான் கேட்டது அதுவே முதல்தடவை.

அடுத்த நாளிலிருந்து எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் பொய். சில வேளைகளில் சோறு மிஞ்சியது; அதைக் கொட்டவும் வேண்டியிருந்தது. ஆனால் “பிறகு” என்றவர் பிறகு வந்து உட்கார்ந்தார். புதிதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லாத ஓர் இரவிலும், சொதியில் உப்பில்லை என்று குறை சொல்லிக்கொண்டு இடியப்பத்தை முடித்தார்.

கிளினிக்கில் நிறை கூடியிருக்கவில்லை. குறையவும் இல்லை. வைத்தியர் முந்திய இலக்கத்தோடு ஒத்துப்பார்த்துவிட்டு, “சரி, வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ,” என்றார்.

திரும்பும் பஸ்ஸில் நான் நித்திரையாகிப்போனேன். அண்ணைதான் தோளில் தட்டினார்.

“எழும்பு, சந்தி வந்திட்டுது. வீட்டிலை சமைக்க என்ன கிடக்கு?”