கண் பரிசோதனையில் தேறிய கேப்டன்

எங்கள் கிரிக்கெட்டில் ஒவ்வொரு தொடருக்கும் முன்னால் கண்ணைப் பரிசோதிப்பார்கள். பார்வை எவ்வளவு குறைவு என்று பார்த்து மூன்று பிரிவாகப் பிரிப்பார்கள். அறவே தெரியாதவர்களும் வெளிச்சம் மட்டும் தெரிகிறவர்களும் பி ஒன். நிழலாகத் தெரிகிறவர்கள் பி டூ. இன்னும் கொஞ்சம் தெரிகிறவர்கள் பி த்ரீ. பதினொரு பேரில் நான்கு பேராவது பி ஒன்னாக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் உள்ளதைவிடக் குறைவாகத் தெரிவதாக நடிக்கிறவர்கள் அங்கங்கே உண்டு. அவர்களைப் பிடிக்கத்தான் மருத்துவர் டார்ச்சும் கையுமாக உட்கார்ந்திருப்பார். தெரியாத கண்ணைத் தெரிவதாகச் சொல்லி ஏமாற்றிய ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, நான்தான். அப்போது நான் பார்வையற்ற பெண்களுக்கான இந்திய அணியின் கேப்டன்.

ஆரணியில் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு 'பாவம்' என்பார்கள். சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இந்தப் பாவத்தைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் பந்து கெட்டியான பிளாஸ்டிக். உள்ளே சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள் கலகலவென்று உருளும். பந்து வீசுகிறவள் "ரெடியா?" என்று கேட்பாள், மட்டை பிடித்தவள் "யெஸ்" என்பாள், "ப்ளே" என்றதும் பந்து தரையோடு தரையாகச் சீறிக்கொண்டு வரும். குனிந்து, முழங்காலை மடக்கி, காதால் கணக்குப் போட்டு அதைத் துடைத்து அடிக்க வேண்டும். பாவம் பார்த்தால் பல் போகும்.

எனக்கு விழித்திரையில் நோய். தறியில் நூல் சுற்றி வைக்கும் தார்க்குழல் வழியாக உலகத்தைப் பார்ப்பது போல இருக்கும் என்று சின்ன வயதில் சொல்வேன். தறி வீட்டுப் பிள்ளைக்கு வேறு எந்தக் குழல் தெரியும்? அம்மா பட்டு நெய்கிறவள். அப்பா செய்யார் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அந்தக் குழலும் வருஷா வருஷம் சுருங்கும், ஒருநாள் மூடிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு டாக்டரின் எழுத்துப் பலகை மேல் நம்பிக்கை இல்லை. அவளே ஒரு பரிசோதனை வைத்தாள். தினமும் காலையில் தறியில் உட்காருவதற்கு முன் ஒரு பட்டு நூல் கட்டை எடுத்து, என்னை வாசல் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே காட்டுவாள்.

"இன்னாடி கலர் இது?"

"அரக்கு."

"கரெக்ட்டு, போ."

அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் எனக்குக் காபி. விடுதிப் பள்ளிக்குப் போனபோதும் சரி, அங்கே கிரிக்கெட் கற்றுக்கொண்டு மாநில அணிக்கு வந்தபோதும் சரி, வீட்டுக்கு வந்த மறுநாள் காலை இந்தச் சடங்கு தவறாது.

இந்திய அணிக்கு என்னை எடுத்தது பந்து வீச்சுக்காக. மட்டை பிடிக்கத் தெரியும் என்பதை நானேதான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தொடரில் எட்டாவதாக இறக்கினார்கள். மூன்றாவது தொடரில் தொடக்க ஆட்டக்காரி ஆனேன். அதற்காக ஆரணியில் வீட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில், தம்பி முறையுள்ள எல்லோரையும் மாற்றி மாற்றிப் பந்து உருட்டச் சொல்லி, முழங்கால் தோல் போகும்வரை துடைத்து அடித்திருக்கிறேன். "இன்னா பேஜாரு புடிச்ச பொண்ணுடா இது" என்று அவர்கள் ஓடிப் போனால், சுவரில் எறிந்து திரும்பி வருகிற பந்தை அடிப்பேன். கேப்டன் ஆக்கியபோது நான் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட்டதாகப் பேட்டியில் சொன்னது பொய்.

கேப்டன் ஆன மறு வருஷம் குழல் மூடிக்கொண்டது.

ஒரே நாளில் இல்லை. முதலில் பந்தின் நிழல் போனது. பிறகு ஆட்களின் உருவம். கடைசியில் வெளிச்சம் இருக்கிறது, இல்லை என்பது மட்டும் மிச்சம். பயந்தேன். இருட்டைக் கண்டு பயம், அதைவிடப் பெரிய பயம் கேப்டன் பதவி போய்விடும் என்பது. கொஞ்சமாவது தெரிகிறவள்தான் மைதானத்தில் ஆட்களை நிறுத்த முடியும் என்று எங்கள் நிர்வாகத்தில் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பி ஒன் ஆட்டக்காரிகளுக்கு நானே ஒரு நாளும் முக்கியமான இடத்தைக் கொடுத்ததில்லை.

ஆகவே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அந்த வருஷத்துக் கண் பரிசோதனையில், திரைக்கு வெளியே வரிசையில் நின்றுகொண்டு, எனக்கு முன்னால் போன மூன்று பெண்கள் என்ன எழுத்துகளைப் படித்தார்கள் என்று காதில் வாங்கினேன். உள்ளே போய் அதையே ஒப்பித்தேன். இரண்டாவது எழுத்தில் கொஞ்சம் தயங்கவும் செய்தேன், நம்பும்படி இருக்கட்டும் என்று. மறுபடியும் பி டூ.

வீட்டில் அதைவிடச் சுலபம். தறிக்கு எந்தப் பாவு நூல் வந்திருக்கிறது, என்ன நிறம் என்று அம்மாவும் பட்டு முதலாளியும் முந்தின நாளே போனில் பேசிவிடுவார்கள். காலையில் அம்மா நூல் கட்டை முகத்துக்கு நேரே காட்டுவாள். ஒரு வெளுப்பு மட்டும் தெரியும். என் கண்தான் எல்லா நிறத்தையும் வெளுத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். போனில் கேட்டதைச் சொல்வேன். பச்சை. மாம்பழ மஞ்சள். மயில் கழுத்து.

"கரெக்ட்டு, போ."

இப்படியே ஒரு வருஷம் ஓட்டிவிட்டேன். என் சாமர்த்தியத்தில் எனக்கே பெருமை.

பெருமையை உடைத்தது ஓர் அரையிறுதி ஆட்டம். எதிரணிக்குக் கடைசிப் பந்தில் மூன்று ரன் தேவை. எங்கள் அணியில் வெம்பாக்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள், பிறவியிலேயே பார்வை இல்லாதவள், பி ஒன். விவசாயக் குடும்பம், அதிகம் பேச மாட்டாள். அவளுக்குப் பக்கத்தில் நான் நின்றிருந்தேன். பந்து எங்கள் பக்கமாக உருண்டு வரும் சத்தம் கேட்டது. எல்லோர் கணக்கிலும் எனக்குக் கண் தெரியுமே. அந்தக் கணக்கைக் காப்பாற்ற "என்னுது, உடு!" என்று கத்திவிட்டுப் பாய்ந்தேன். கைக்கு மண்தான் கிடைத்தது. பந்து எங்கள் இருவருக்கும் நடுவே போய் எல்லைக் கயிற்றைத் தொட்டது. தோற்றோம்.

பேருந்தில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒன்னு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?"

"கேளு."

"எனுக்கு சத்தம் நல்லா கேட்டுச்சிக்கா. நேரா என் கைக்குத்தான் வந்துகினு இருந்துச்சி. கேப்டன் பாத்துட்டாங்கன்னு நின்னுட்டேன். நெஜமாவே பாத்தீங்களா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், ஏதோ வெளியே பார்க்கிற மாதிரி. அவளிடமே அந்த நடிப்பு! அவள், "பி ஒன்னுல நாங்க ஒரு ரன் எடுத்தா ரெண்டுன்னு எழுதுவாங்கக்கா, பி ஒன்னுக்கு வந்தா ஒன்னும் நஷ்டமில்ல" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலாம். அந்தப் பெண்ணுக்கு அன்றே தெரிந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் அந்த வெட்கம் போகவில்லை.

அடுத்த பரிசோதனையில் மருத்துவர் எழுத்தைக் காட்டினார். "தெரியலைங்க" என்றேன். விரலைக் காட்டினார். "தெரியலைங்க." கையை ஆட்டினார். அதுவும் தெரியவில்லை. டார்ச்சை அடித்தார். "வெளிச்சம் தெரியுது, அவ்வளவுதாங்க" என்றேன். போன வருஷத்துத் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "போன வருஷம் படிச்சீங்களேம்மா?" என்றார். "மனப்பாடம் பண்ணினேன்" என்றேன். அவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். தெரியாத கண்ணுக்கு மனப்பாடம் செய்த ஆளை அவரும் அப்போதுதான் பார்த்திருப்பார்.

நிர்வாகம் சிரிக்கவில்லை. பழைய பொய்க்காக எழுத்தில் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேட்டேன். அணியில் இடம் உண்டு, கேப்டன் பதவி பற்றி யோசிக்க வேண்டும் என்றார்கள். "ஒரு பயிற்சி ஆட்டம் கொடுங்க, அப்புறம் யோசிங்க" என்றேன். கெஞ்சவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று எங்கள் அறையில் ஒருத்தி சொல்ல, எல்லோரும் படுக்கையில் உருண்டு உருண்டு சிரித்தோம். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

பயிற்சி ஆட்டத்தில், பி ஒன் ஆட்டக்காரிகள் எல்லோரும் கட்டும் கறுப்புப் பட்டையைக் கண்ணில் கட்டிக்கொண்டு நான் மட்டை பிடித்தேன். முதல் பந்திலேயே குச்சி போனது. வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன். ஆனால் எங்கள் பந்து வீச்சு முறை வந்தபோது எழுந்துவிட்டேன். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் எல்லோரும் இடமிருந்து வலமாகத் தங்கள் எண்ணைச் சொல்ல வேண்டும் என்று முன்னமே சொல்லி வைத்திருந்தேன். குரல் வரும் இடத்தை வைத்து மனத்துக்குள் மைதானத்தை வரைந்துகொண்டேன். ஏழாம் எண்காரி வெயில் தாங்காமல் கொட்டகை நிழல் பக்கம் நகர்ந்தபோது, "ஏழு, பழைய எடத்துக்கு வா" என்று சத்தம் போட்டேன். பார்வை இருந்த காலத்தில் அது என் கண்ணில் பட்டதே இல்லை. பந்து அதிகமாக வரும் இடத்தில் வெம்பாக்கத்துப் பெண்ணை நிறுத்தினேன். இரண்டு பிடித்தாள். வென்றோம். கேப்டன் பதவி அந்தத் தொடர் மட்டும் என்று கொடுத்தார்கள். எனக்கு அது போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன்.

எல்லோருக்கும் சொல்லியாயிற்று. அம்மாவுக்கு மட்டும் சொல்லவில்லை. மருத்துவரிடம் சொல்ல வந்த வாய், வீட்டில் வரவில்லை. தொடருக்குக் கிளம்பும் நாள் காலை, பையை வாசலில் வைத்தாகிவிட்டது. அம்மா வழக்கம் போலக் கூப்பிட்டாள்.

"இன்னாடி கலர் இது?"

முந்தின நாள் போனில் வாடாமல்லி என்று பேசியிருந்தார்கள். நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியலம்மா" என்றேன். "ஒரு வருஷமா எதுவுமே தெரியல. நீ போன்ல பேசறத கேட்டுத்தான் சொல்லிக்கினு இருந்தேன்."

அம்மா நூல் கட்டை என் கையில் வைத்தாள்.

"இது வெள்ளைடி. சாயமே போடாத நூலு. போன வருஷம் ஒரு நாளு அவசரத்துல பச்சைய காட்டிட்டேன், நீ அரக்குன்ன. அன்னிக்கே தெரிஞ்சிபோச்சி. அன்னிலேர்ந்து இத்தத்தான் காட்டிக்கினு இருக்கேன்."

"அப்போ ஏம்மா கரெக்ட்டு கரெக்ட்டுன்ன?"

"கேக்காம உட்டா, எனுக்குத் தெரிஞ்சிபோச்சின்னு உனுக்குத் தெரிஞ்சிடும். கேட்டுகினு இருந்தா உன் கண்ணு இன்னும் இருக்கற மாதிரி எனுக்கும் ஒரு தெம்பு. நான் மட்டும் இன்னா பெரிய தைரியசாலியா?"

அந்த ஒரு வருஷமும் எனக்கு வெளுப்பாகத் தெரிந்தது வெள்ளைதான். கண் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. பொய் சொன்னது வாய். அதை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது, அடக்கவில்லை. அம்மாவும் அழுதாள். பிறகு அவளே, "ஜல்தி கெளம்பு, பஸ்ஸ உட்டுட்டு கோப்பைய எப்படி எடுத்துகினு வருவ?" என்று பையைத் தூக்கி என் தோளில் மாட்டினாள்.

அந்தக் கோப்பையை நாங்கள் கொண்டு வந்தோம். இப்போதும் நான்தான் கேப்டன். எந்த ஊரில் இருந்தாலும் ஆட்டத்தன்று காலை வீட்டுக்குப் போன் போடுவேன். அம்மா எடுத்ததும் நலம் விசாரிப்பதில்லை.

"இன்னிக்கு தறில அரக்குடி, பார்டர் பச்சை."

"கரெக்ட்டு, போ" என்கிறேன்.