ஏரிக்கரைக் காற்றும் ஒலிபெருக்கி மனிதரும்

எழுபத்தாறாம் ஆண்டு ஜூலை மாதம், குளிர்காலத்து மெல்பேர்ணில் நடந்தது இது. யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. என் கணவர் தன் எஞ்சினியர் படிப்பை இங்கே ஏற்றுக்கொள்ள வைப்பதற்காகச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போனது நான் ஒருத்திதான். ஓர் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. முதல் மூன்று மாதம் தற்காலிகம். அதன் பிறகுதான் நிரந்தரமா இல்லையா என்று சொல்வார்கள்.

வேலை எட்டு மணிக்கு. ட்ராம் என்னை இரண்டு தரம் கைவிட்டது. இரண்டாம் தரம் நான் இருபது நிமிடம் பிந்திப் போனபோது எங்கள் பொறுப்பாளர் கோபப்படவில்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, இன்னொரு தரம் இப்படி நடந்தால் என்னை நிரந்தரமாக்கும்படி எழுதுவது கஷ்டம் என்று மெதுவாகச் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அந்தச் சனிக்கிழமையே பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்று வாங்கினோம். ஊரில் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போனவள்தான் நான். ஆனால் அது வெயிலில் ஓடிய ஓட்டம். இங்கே ஆஸ்பத்திரிக்குக் குறுக்கு வழி ஒரு பெரிய ஏரியின் கரையோரம். காலை ஏழேகாலுக்கு அந்தப் பாதையில் இறங்கினால், விரல் நுனி இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பளிக் கையுறைக்கு மேலே பாண் ரொட்டி சுற்றி வந்த பிளாஸ்டிக் பையையும் கட்டிக்கொண்டு போவேன்.

குளிரை விட எனக்கு அங்கே ஒரு மனிதரில்தான் பயம். அறுபது வயது இருக்கும், நல்ல சிவந்த முகம். ஒரு கையால் சைக்கிள் ஓட்டுவார், மற்றக் கையில் ஒலிபெருக்கி. ஏரியில் படகோட்டப் பழகும் பெடியன்களுக்கு அவர்தான் பயிற்சியாளர் என்பது தெரியும். ஆனால் ஒவ்வொரு நாளும் எனக்குப் பின்னால் வந்து அவர் கத்துவது ஒன்றே ஒன்றுதான். "லேட். இண்டைக்கும் நீ லேட்."

ஏற்கனவே பிந்திப் போய்ப் பேச்சு வாங்கியவளுக்கு எப்படி இருக்கும்? வந்த புதிதில் ட்ராமில் ஒருவர் என்னைப் பார்த்து, உன் நாட்டுக்குத் திரும்பிப் போ என்று சொல்லியிருந்தார். இவரும் அந்த இனம்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். கணவரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போகும் தமிழ் வீடுகளிலும் சொன்னேன். எல்லோரும் பாவப்பட்டார்கள்.

ஒரு புதன்கிழமை. இரவிரவாகக் காற்று. விடியும்போது எங்கள் பக்கம் மரம் விழுந்து ட்ராம் கம்பிகள் அறுந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள்.

"இண்டைக்குப் போகாமல் விடுமன்" என்றார் கணவர்.

"இனி ஒருக்கால் பிந்தினால் வேலை இல்லை. நான் போட்டு வாறன்."

ஏரிக்கரையில் இறங்கிய பிறகுதான் அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று பட்டது. தெற்கிலிருந்து வந்த காற்று நேராக முகத்தில் அடித்தது. ஏரி கடல் மாதிரிப் பொங்கிப் பாதையில் விழுந்தது. கறுப்பு அன்னங்கள்கூடத் தண்ணீரை விட்டுப் புல்லில் ஏறித் தலையைச் செட்டைக்குள் புதைத்துக்கொண்டு கிடந்தன. பிறகு ஆலங்கட்டியும் தொடங்கியது. பாதி தூரம் போயிருப்பேன், ஒரு காற்று என்னையும் சைக்கிளையும் சேர்த்துத் தூக்கிப் புல்லில் எறிந்தது. முழங்கால் கிழிந்து இரத்தம். செயின் கழன்றுவிட்டது. விறைத்த விரலால் அதை மாட்ட முடியவில்லை. மணி ஏழு முப்பத்தைந்து. அப்படியே குந்தியிருந்து அழுதேன்.

அப்போது அந்தக் குரல் கேட்டது. படகுகளை வைக்கும் கொட்டிலுக்கு முன்னால் அவர் நின்றிருந்தார். ஏரியில் ஒரு படகும் இல்லை. என்னைத்தான் கூப்பிட்டார், அங்கேயே இருக்கச் சொன்னார். அவர் சைக்கிளில் வந்து இறங்கியதும், "எனக்குத் தெரியும், நான் லேட்" என்றேன், அழுகையும் கோபமுமாக. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கே போகிறாய் என்று மட்டும் கேட்டார். ஆஸ்பத்திரி, எட்டு மணிக்கு, போயே ஆக வேண்டும் என்றேன்.

வீட்டுக்குத் திரும்பிப் போ என்று அவர் சொல்லவில்லை. செயினைச் சட்டென்று மாட்டினார். தன் சைக்கிளை எனக்கு முன்னால் நிறுத்தினார். தன் முதுகைத் தவிர வேறெதையும் பார்க்காமல், ஒரு முழ இடைவெளிக்கு மேல் விடாமல் பின்னால் வரச் சொன்னார்.

அந்தப் பெரிய முதுகு காற்றை இரண்டாகப் பிளந்தது. ஒரு முழம் பின்னால் வருபவளுக்கு ஒலிபெருக்கி எதற்கு? பழக்கம் போலும். பத்து மிதி என்று கத்துவார், ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுவார். முடிந்ததும் இன்னும் பத்து. நாலாவது பத்தில் நானும் எண்ணத் தொடங்கினேன். ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று தமிழில். அது என்ன பாஷை என்று அவர் கேட்கவில்லை. இன்னும் சத்தமாக எண்ணச் சொன்னார். எண்ணினேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஏரி முடியும் இடத்தில் நிறுத்தினோம். மூச்சு வாங்க வாங்கக் கேட்டேன், ஏன் என்னைப் பார்த்துத் தினமும் லேட் என்று கத்துகிறீர்கள் என்று.  அவர் சைக்கிளில் சாய்ந்து நின்று சிரித்தார்.

"படகில் மூண்டாவதாய் இருக்கிற பெடியன் எப்பவும் துடுப்பைப் பிந்தித்தான் தண்ணியிலை வைப்பான். அவனைத்தான் கத்துறனான். இந்த ஏரியிலை ஒரு நாளும் பிந்தாத ஆள் நீங்கள் ஓராள்தான்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது எட்டுக்கு ஏழு நிமிடம் இருந்தது. ட்ராம் ஓடாததால் எங்கள் பகுதியில் ஒருவரும் வந்திருக்கவில்லை. ரெலிபோன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. சத்திரசிகிச்சைக்கு ஒரு நோயாளி காத்திருக்கிறார், ஏற்றப்போகும் இரத்தம் அவருக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும், யாராவது வந்துவிட்டார்களா என்று கேட்டார்கள். நான் இருக்கிறேன் என்றேன். கடமையிலிருந்த டொக்டர் பக்கத்தில் நின்று சரிபார்க்க, ஈரச் சப்பாத்தோடு அதைச் செய்து அனுப்பினேன். பிறகு வந்து குவிந்ததையும் ஒவ்வொன்றாகச் செய்தேன்.

பத்தேகாலுக்குப் பொறுப்பாளர் நனைந்து வந்து சேர்ந்தார். முடித்து அடுக்கியிருந்த பரிசோதனை முடிவுகளைப் பார்த்தார், என் முழங்கால் கட்டைப் பார்த்தார், கடைசியாக மணிக்கூட்டைப் பார்த்தார். தான் இன்று இரண்டேகால் மணித்தியாலம் லேட் என்று அவராகவே சொன்னார். மூன்று மாதம் முடியும் வரை காத்திராமல், அந்தக் கிழமை முடியுமுன்னரே என்னை நிரந்தரமாக்கக் கடிதம் எழுதினார்.

ஒரு வேலை மிச்சம் இருந்தது. அடுத்த ஞாயிறுகளில், அந்த மனிதரைப் பற்றிக் குறை சொன்ன வீடுகளுக்கெல்லாம் போய், நான் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று சொன்னேன். எதிர்காற்றில் மிதித்ததை விட அது கஷ்டமாக இருந்தது. ஆனால் சொல்லி முடித்ததும் எல்லோரும் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன்.

விமானம் வந்திறங்கிய நாள் கடவுச்சீட்டில் முத்திரையாக இருக்கிறது. ஆனால் நான் இந்த ஊருக்கு உண்மையாக வந்து சேர்ந்தது அந்தப் புதன்கிழமை காலை, நெஞ்சு நிறைய மூச்சு வாங்கிக்கொண்டு, என் சொந்தப் பாஷையில் கத்தி எண்ணியபடிதான் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.