பெட்டிகளோடு போகிறவர்கள்

ஆய்வாளர்கள் புறப்பட்டுவிட்டார்கள் என்று வானொலி சொன்னபோது நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். ஈரானின் அணு நிலையங்களையும் யுரேனியக் கிடங்குகளையும் சோதித்துக் கணக்கெடுக்க வந்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் அவர்கள். அங்கே குண்டுவீச்சு ஓய்ந்து கொஞ்சக் காலம்தான். சண்டை முடிந்தது என்று ஊரே செய்தியை விட்டுப் பாட்டுக்கு மாறியிருந்தது. நான் கத்தியை வைத்துவிட்டுப் போய், தண்ணீர் பிடித்து வைக்கிற பெரிய கிடாரத்தைக் கழுவினேன்.

யாழ்ப்பாணத் தீவுப் பக்கம், புளியங்கூடலில் எங்கள் கிணறு உவர். குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில்தான் வரும். அன்று கிடாரம், குடம், வாளி, கழுவிக் கவிழ்த்த தகர ரின் எல்லாவற்றையும் வாசல் படலையடியில் நிரைக்கு வைத்தேன். வீட்டில் கலியாணமா என்று பவுசர்க்காரர் விசாரித்தார். ஈரானில் இருந்து ஆய்வாளர்கள் போய்விட்டார்கள் என்றேன். மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குழாயைத் திறந்தார்.

பார்க்கட்டும். என் கணவர் குவைத்தில், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் வேலை செய்கிறார். அதே கடலின் அக்கரையில், ஈரான் பக்கம், ஓர் அணு மின்நிலையம் இருக்கிறது. அதில் ஒரு குண்டு விழுந்து கடலில் நஞ்சு கலந்தால் இவர் எந்தக் கடலை வடிப்பார்? அந்த ஊர் எதைக் குடிக்கும்?

இந்தத் தண்ணீர்ப் பைத்தியம் அம்மாவிடம் இருந்து வந்தது. சமாதான காலத்தில் நாங்கள் அல்லைப்பிட்டியில் இருந்தோம். அரசுக்கும் இயக்கத்துக்கும் இடையிலான யுத்தநிறுத்தத்தைக் கண்காணிக்க வந்த வெள்ளைக்காரரின் வாகனம் வீதியால் போய்வரும். வருவார்கள், கேட்பார்கள், எழுதுவார்கள், போவார்கள். எதையும் தடுத்ததில்லை. அம்மா அவர்களைத் திட்டாத நாளில்லை. ஒரு நாள் அந்த வாகனம் கூரை நிறையப் பெட்டிகளோடு யாழ்ப்பாணப் பக்கம் போனது. அம்மா படலையில் நின்று பார்த்தாள்.

“பெட்டியளோடை போகினம். தண்ணியை நிரப்பு, பிள்ளை.”

ஏன் என்றதற்கு, இனி நடப்பதைப் பார்க்க ஆளில்லை என்றாள். ஷெல் விழத் தொடங்கியபோது தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போன பக்கத்து வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை. நாங்கள் குடத்தில் இருந்ததைக் குடித்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே கிடந்தோம். அதற்குப் பிறகு வெளிநாட்டுக்காரர் வருவதை நான் பொருட்படுத்துவதில்லை. இந்தத் தீவுகளில் மின்சாரக் காற்றாடி நட ஒரு நாடு வந்ததற்கு இன்னொரு நாடு முகம் சுளித்ததே, அப்போதும் வந்தவர்களை ஊர் கூடி நின்று விடுப்புப் பார்த்தது. எப்போது போகிறார்கள் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈரானில் இருந்து ஆய்வாளர்கள் போன அன்று பின்னேரம், குவைத்தில் இருந்து என் கணவர் கோல் எடுத்தார். வந்துவிடுங்கள் என்றேன். வேலை ஒப்பந்தம் முடியட்டும் என்று சிரித்தார்.

“அவை யுரேனியத்தை எண்ணுற ஆக்கள். சண்டையோடை அவைக்கு என்ன? நீர் சும்மா பயப்பிடுறீர்.”

“இஞ்சை வந்தவையும் எழுதின ஆக்கள்தான். உங்கடை அறையிலையும் தண்ணி நிரப்பி வையுங்கோ.”

ஒரு நகரத்துக்கே தண்ணீர் அனுப்புகிறவனை வாளியில் பிடித்து வைக்கச் சொல்கிறாள் என்று அறைக்கூட்டாளிகளிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபம் என்று சொல்கிறேன், பயம்தான்.

பிறகு வானொலியில் ஒரே இழுபறி. ஆய்வாளர்களை உள்ளே விடாவிட்டால் மறுபடி அடிப்போம் என்றது குண்டு போட்ட பக்கம். அடிக்கமாட்டோம் என்று உறுதி தந்தால்தான் விடுவோம் என்றது ஈரான். யுரேனியம் இப்போது எங்கே இருக்கிறது என்று வெளியில் ஒருவருக்கும் தெரியாதாம். நான் கிடாரத்துப் பழைய தண்ணீரைக் கத்தரிக் கன்றுகளுக்கு ஊற்றுவதும் புதுத்தண்ணீர் பிடிப்பதுமாக இருந்தேன். ஊர் என்னைப் பார்த்துச் சிரித்துக் களைத்துவிட்டது.

போன கிழமை அவர் வழக்கமில்லாமல் வேலை நேரத்தில் எடுத்தார். ஆலையில் இருக்கும் வெள்ளைக்கார எஞ்சினியர்மார் லீவு என்று சொல்லிக் குடும்பத்தோடு விமானம் ஏறுகிறார்களாம்.

“பெட்டியளோடை போகினம்,” என்றார். அம்மாவின் வாயில் வந்த அதே சொற்கள். அந்தக் கதையை நான் அவருக்குச் சொன்னதில்லை.

நீங்கள் எப்போது என்று கேட்டேன். மெஷின் ஓட ஆள் வேண்டும் என்று எங்கள் ஆட்களை மறித்து வைத்திருக்கிறார்களாம். பாஸ்போட்டும் கொம்பனியிடம்.

“தண்ணி நிரப்பிப்போட்டன்,” என்றார்.