ரயில் பெட்டியின் மூலை இரும்பு

பிள்ளைகளே, நம் வீட்டுக் கூரையைப் பிரிப்பதற்காக இன்று காலை உத்திரத்து மூலை இரும்பில் மண்ணெண்ணெய் விட்டேன். துருவோடு அந்த வாசனை எழுந்ததும், கொச்சி மட்டாஞ்சேரியில் பழைய மர ரயில் பெட்டிகளைப் பிரித்து விற்ற யார்டு, அதன் தேக்குத் தூள், நாள் முழுக்க ஓயாத சுத்தியல் சத்தம் எல்லாம் திரும்பி வந்தன. இப்போது அங்கே கார்கள் நிற்கின்றன.

மழைக்கு முன் கூரை போட, என் அம்மா அங்கே இரண்டு உத்திரங்களை விலை பேசி வைத்திருந்தாள். இரண்டையும் இந்த இரும்புதான் சேர்த்துப் பிடித்திருந்தது. நட்டுகள் அசையவில்லை.

“சேச்சி, இரும்பை ஒட்டி மரத்தை முறிச்சுத் தரட்டே?” என்றார் யார்டுக்கார இக்கா. முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே இக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

“முறிச்சா சுவருக்கு எட்டாது இக்கா. நானே கழட்டிக்கிறேன்.”

“எஞ்சின் இழுத்தே கழலாத சாதனமாக்கும்!”

ஓட்டத்தின் அதிர்வில் நட்டு தளராதபடி போல்ட் முனைகளை அடித்துப் பரப்பியிருந்ததை அம்மாதான் கண்டாள். மூன்று நாள் உட்கார்ந்து அந்த முனைகளை அரத்தால் ராவினாள்; நான் மண்ணெண்ணெய் ஊற்றினேன். நான்காம் நாள் நட்டு கீச்சிட்டுத் திரும்பியது. இக்கா சாயா வாங்கித் தந்தார்.

நம் கூரையில் அதே இரும்பை முடுக்கியபோது அம்மா போல்ட் முனைகளை அடித்துப் பரப்பவில்லை. “என்னிக்காவது யாராவது கழட்டணுமே” என்றாள்.

இன்று நான் திருப்பியதும் நட்டு கழன்று வந்தது.