நாற்பது கணினிகளும் ஒரு நன்றியுரையும்

கல்லூரி முதல்வர் உமாசங்கர் மின்சாரத்தைச் சேமிப்பதற்காகப் பிறந்தவர். தன் அறைக் குளிர்சாதனத்தைத் தவிர மற்ற எதையும் தேவையில்லாமல் ஓடவிடக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டிருந்தார். அதை வரிக்கு வரி கடைப்பிடித்த ஒரே மனிதர் ஆய்வக உதவியாளர் சேஷன். வினையும் அங்கேதான் தொடங்கியது.

சேஷன் படித்தது பி.காம். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு தட்டச்சுப் பள்ளியில் வேலை பார்த்தபோது, ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகட்டைப் போட்டு லினக்ஸ் கற்றுக்கொண்டார். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தப் பொறியியல் கல்லூரியில் நிரந்தரமாகத் தற்காலிக ஊழியர். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிப்பார்கள். முனைவர் பட்டக்காரர்களின் கணினி படுத்துக்கொண்டால் அவரைக் கூப்பிடுவார்கள். எழுந்துகொண்டால் தாங்களே எழுப்பியதாகச் சொல்லிக்கொள்வார்கள்.

இந்தமுறை ஒப்பந்தக் கடிதம் கையெழுத்தாகாமல் முதல்வர் மேசையிலேயே கிடந்தது.

"புது லேப் திறக்கற அன்னிக்கு நாப்பதும் ஓடணும் சேஷா. இல்லேன்னா ஏதாவது கம்பெனிய ஏல்பிச்சு, வேலைய அவாகிட்ட குடுத்துடலாம்னு மேனேஜ்மென்ட் சொல்றா. என் கையில ஒண்ணுமில்ல, கேட்டியா?" என்றார் உமாசங்கர்.

வேலை இதுதான்: விண்டோஸ் ஓடும் நாற்பது கணினிகளுக்குள்ளும் மென்பொருளாலேயே ஆன, லினக்ஸ் ஓடும் மெய்நிகர் கணினி ஒன்றை உட்காரவைக்க வேண்டும். சேஷன் மூன்று நாள் செலவழித்து ஒன்றை மட்டும் செதுக்கினார். நிரல் எழுத, ஓட்ட, சேமிக்க என்று திறந்தமூல மென்பொருட்களை ஒவ்வொன்றாக ஏற்றிச் சோதித்தார். பிறகு அது இருந்த கோப்புறையை அப்படியே நாற்பதிலும் நகலெடுத்தார். ஒன்றை இயக்குவார், இணையம் வருகிறதா என்று பார்ப்பார், நோட்டில் டிக் போடுவார், சுற்றறிக்கையை நினைத்து அணைப்பார், அடுத்ததற்குப் போவார். நோட்டில் நாற்பது டிக்.

திறப்பு விழா அன்று காலை பத்து இருபத்தைந்துக்கு, ஆய்வகப் பாடம் நடத்தும் நாகர்கோவில்காரி ஜெஸ்லின், மின்சாரத்தின் அருமை தெரியாமல் இரண்டைச் சேர்த்துப் போட்டாள்.

"சாரே, இதுல நெட் வந்தா அதுல போவுது, அதுல வந்தா இதுல போவுது. ரெண்டுக்கும் சக்களத்திச் சண்டையா?"

சேஷன் இரண்டு திரைகளையும் எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு கணினிக்கும் வலைப்பின்னலில் தனி அடையாள எண் வேண்டும். அவர் எடுத்த நகல்கள் அந்த எண்ணையும் விடாமல் நகலெடுத்திருந்தன. ஒரே ரேஷன் கார்டோடு நாற்பது பேர். ஒவ்வொருவராக வந்தபோது கடைக்காரருக்குத் தெரியவில்லை.

"எல்லாத்தையும் தொறந்து நம்பர மாத்தணும் மிஸ். ஒண்ணுக்கு ரெண்டு நிமிஷம்னாலும் எம்பது நிமிஷம் ஆகும்."

"பத்தரைக்கு விழா. நான் வேற கீழ நிக்கணும், நன்றியுரை எனக்கு."

"வாழ்த்துரை எத்தன பேர்?"

"ஏழு."

சேஷன் வாழ்க்கையில் முதல்முறையாக வாழ்த்துரைகளை வாழ்த்தினார்.

"முடிஞ்சதும் ஒரு மிஸ்டு கால் குடுங்க," என்றாள் ஜெஸ்லின். "அது வரைக்கும் நான் மைக்க விட மாட்டேன்."

கீழே அரங்கில் நடந்ததெல்லாம் ஒலிபெருக்கி வழியாக இரண்டாம் மாடிக்கு வந்தது. குத்துவிளக்கின் ஐந்து திரிகளை ஐந்து பிரமுகர்கள் ஏற்ற, மின்விசிறி ஒவ்வொன்றாக அணைத்தது: நான்கு கணினிகள். தலைமையுரையில் கல்லூரியின் சரித்திரம்: பதினொன்று. சிறப்பு விருந்தினர் செயற்கை நுண்ணறிவால் வரப்போகும் ஆபத்தை விளக்கினார்: பதினான்கு. இருபத்தொன்பது முடிந்தபோது விபரீதம் நேர்ந்தது. முதல் வாழ்த்துரைக்காரர், எல்லாவற்றையும் முன்னவர்களே சொல்லிவிட்டார்கள் என்றார். அப்படிச் சொன்னவர் அதற்குமேல் அரை மணி பேசாமல் விட்டதாகத் திருவனந்தபுரத்தில் சரித்திரமே இல்லை. அன்று அவர் உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு வாசனை அரங்குக்குள் வந்திருக்க வேண்டும். மற்ற ஆறு பேரும் அவர் வழியையே பின்பற்றினார்கள்.

மைக் ஜெஸ்லின் கைக்கு வந்தபோது எட்டு பாக்கி.

அவள் நிர்வாகத்துக்கு நன்றி சொன்னாள். மைக் செட்காரருக்கு, பூக்காரருக்கு, நாற்காலி போட்டவருக்கு, விளக்குக்கு எண்ணெய் ஊற்றியவருக்கு, ஏழு வாழ்த்துரைக்காரர்களுக்கும் அவர்களுடைய சுருக்கத்துக்கும் தனித்தனியாக நன்றி சொன்னாள். பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்த வாட்ச்மேனுக்கும், பெய்யாமலிருந்த மழைக்கும் சொன்னாள். கடைசியில், "இந்த ஆய்வகத்தை இரவு பகலாக உழைத்து..." என்று தொடங்கினாள்.

மேலே நாற்பதாவது கணினிக்கும் இணையம் வந்தது. சேஷன் மிஸ்டு கால் கொடுத்தார்.

"நன்றி, வணக்கம்," என்றாள் ஜெஸ்லின்.

பிரமுகர்கள் மாடிக்கு வந்தார்கள். நாற்பது திரைகளும் ஒரே சமயத்தில் ஓடின. "எல்லாம் நம்ம டிபார்ட்மென்ட் டீம்வொர்க்," என்று உமாசங்கர் கைகட்டி அடக்கமாகச் சொல்லிவிட்டு, சேஷனிடம் கடிதத்தை நீட்டினார். பதினோரு மாதம்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ஜெஸ்லின் வந்தாள்.

"லிஸ்டுல கடைசிப் பேரு உங்க பேருதான் சாரே. சொல்ல வாயத் தொறந்தேன், நீங்க மிஸ்டு கால் அடிச்சுட்டீங்க."

"வேல முடிஞ்சா உடனே சொல்லிடறது பழக்கமாயிடுத்து மிஸ்," என்றார் சேஷன்.

நோட்டை எடுத்து நாற்பது டிக்குகளுக்கும் கீழே, 'இனி எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கவும்' என்று எழுதினார். பிறகு சுற்றறிக்கை நினைவுக்கு வந்தது. ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கினார்.