சாந்தி அக்கா தேர்ந்தெடுத்த வேலி

பக்கத்து வீட்டு சாந்தி அக்காவின் கோழிகள் தினமும் வந்து என் கீரைப் பாத்தியைக் கிளறுகின்றன. வீட்டுக்குப் பின்னால் மர வேலி போடலாம் என்று இன்று காலை செமோரில் உள்ள பலகைக் கடைக்குக் கிளம்பினேன்.

"பலகைக் கடைக்கா தம்பி? இரு, நானும் வாரேன்" என்று காரில் ஏறிக்கொண்டார் அக்கா. வேலி போட என்று மட்டும் சொன்னேன்; யாருடைய கோழிக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடையில் ரப்பர் மரப் பலகையைத் தொட்டேன்.

"ஐயோ, அது வேணாம்லா! மழையில நனைஞ்சா கறையான் தின்னுரும்."

மெராந்தி மரப் பலகையைக் காட்டினேன்.

"அது வீட்டுக்குள்ள போட நல்லாருக்கும். வெளிய செங்கால் மரந்தான் நிக்கும். ஒம் மகன் காலத்துக்கும் இருக்கும்."

செங்காலே வாங்கினேன்.

திரும்பும் வழியில் அக்கா மெதுவாக ஆரம்பித்தார். "எங்க கோழிக்குத்தானே வேலி? போடு, நல்லதுதான். ஆனா நடுவுல ஒரு சின்னக் கதவு வச்சிரு. கொழம்பு குடுக்க நான் ரோட்டச் சுத்தியா வர முடியும்?"

வண்டியைத் திருப்பிக் கடைக்குப் போய்க் கதவுக்குக் கீலும் வாங்கினேன்.

அக்கா அந்தக் கதவைச் சாத்திவிட்டுப் போவார் என்று நம்புகிறவர்கள் கை தூக்குங்கள்.